சட்டை வெளிச்சம்

அந்தப் படம் மாணவியர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், முன்சுவரில், தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்கியது. பளபளவென்று மின்னும் எவர்சில்வர் மேடை, கவிழ்த்து அடுக்கிய பாத்திரங்கள், அன்றுதான் கடையிலிருந்து இறக்கியது போல ஒரு பெரிய ஃப்ரீசர். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'சுகாதார அலுவலகத்தார் நேரில் வந்து எடுத்த படம்.'

எடுத்தவள் அவள்தான். அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

எடுத்த அன்று அவள் நின்ற இடத்தில் செருப்பு தரையோடு ஒட்டியது. காலைத் தூக்கும்போதெல்லாம் 'ப்சக்' என்று சத்தம் வந்தது. மேடையின் விளிம்பில் விரல் வைத்தாள். பிசின் மாதிரி விரலோடு நூல் இழுத்தது. மூக்கில் கட்டிய துணியையும் தாண்டி ஈரச் சாக்கு அழுகிய நாற்றம் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இருபது படம் எடுத்தாள். இருபதிலும் அந்தச் சமையலறை கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது.

சுகாதார அலுவலகத்தில் அவளுக்குக் 'கரப்பான் அக்கா' என்று பெயர். பதினோரு வருடமாக ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டுகளைப் படம் எடுப்பதுதான் அவள் வேலை. சோதனைக்குப் போகும் அதிகாரியின் கூடவே போவாள். எலிப் புழுக்கை, பூசணம் பூத்த மாவு, ஈ மொய்க்கும் வடிகால், குழம்புச் சட்டிக்குள் தலைகீழாகக் கிடக்கும் பூச்சி என்று எல்லாவற்றையும் எடுத்துக் கோப்பில் சேர்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயிலேயே கைகால் கழுவி, உடுத்தியதைத் தனி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அப்படியும் சில நாள் சோற்றில் கை வைத்ததும் அன்று பார்த்தது கண்ணில் வந்து நிற்கும்; தட்டைத் தள்ளிவிடுவாள்.

அதற்கு முன்னால் பதினைந்து வருடம் கணவரின் ஸ்டூடியோவில் இருந்தாள். அவர் கல்யாணப் போட்டோக்காரர். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. "ஃப்ளாஷுன்னா நேரா மூஞ்சில அடிக்கணும். அப்பதான் பருவும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. பொண்ணு வீட்டுக்காரனும் சந்தோஷப்படுவான், மாப்பிள்ளை வீட்டுக்காரனும் ஏமாறுவான்" என்பார்.

அந்த வேதத்தைத்தான் அவள் சமையலறைக்கும் கொண்டுபோயிருந்தாள். கணவர் கொடுத்த பெரிய ஃப்ளாஷ், செங்கல் கனம். அதை நேராக அடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு என்பது என்ன? மினுமினுப்புதானே? வெளிச்சம் நேராகப் பட்டதும் பிசுக்கெல்லாம் பாலிஷ் ஆகிவிட்டது. அழுக்கு, பரு போல ஓடி ஒளிந்துகொண்டது. சின்னக் கடைகளின் கோப்புகளில் இது தெரியவில்லை. அங்கே அழுக்கு கண்ணைக் குத்தும் அளவுக்கு இருக்கும், உரிமையாளர்களும் தலையைக் குனிந்துகொள்வார்கள். விடுதி காண்ட்ராக்டர் அப்படித் தலை குனிகிற ஆள் இல்லை.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரியம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுச் சமையலறை இவ்வளவு சுத்தமா இருந்தா நான் ஏன் வேலைக்கு வர்றேன்? வீட்டுலயே உட்கார்ந்து அதையே பார்த்துட்டு இருப்பேனே?"

அறையே சிரித்தது. காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. கைகட்டி, தலை சாய்த்து, தேன் ஒழுகும் குரலில் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவங்க பொண்ணும் அந்த விடுதியிலதான் இருக்குது. அதுக்கும் அன்னைக்கு வயித்துக்கு முடியல. பெத்த பாசம் இருக்கத்தான் செய்யும். அதுக்காக என் வயித்துல அடிக்கலாமா? போன தடவை பையில கரப்பான் டப்பா கொண்டு வந்தாங்களோ என்னவோன்னு என் ஆளுங்க பேசிக்கிறாங்க."

அடப்பாவி!

முப்பத்தொரு பெண்கள் ஒரே இரவில் வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அவளுடைய ஒரே மகளும் அதில் ஒருத்தி. துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வீட்டுக்கு வந்தவள், ஆறு வாரமாகக் குழம்பு வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெறும் ரொட்டியும் வெந்நீரும்தான். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பெற்ற வயிறு பற்றி எரிவதற்கு இன்னும் என்ன வேண்டும்?

மகள்தான் அந்த விஷயத்தையும் சொன்னாள். படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள். "தட்டுல நாங்க மிச்சம் வைக்கிறது குப்பைக்குப் போகலம்மா. ஃப்ரீசருக்குப் பின்னாடி ஒரு நீல டிரம் இருக்குது. அதுல கொட்டுறாங்க. ஒரு நாள் தட்டு வைக்கிற ஜன்னல் வழியா பார்த்துட்டேன். மறுநாள் அதுலருந்து மோந்துதான் அடுப்புல ஊத்துறாங்க."

முதல் சோதனையில் அவள் அந்த டிரம்மைத் தேடிப் போகாமல் இல்லை. ஃப்ரீசருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பெரிய ஃப்ளாஷ் மாட்டிய கேமரா அதற்குள் நுழையவில்லை. மேலே தூக்கிப் பிடித்துக் குத்துமதிப்பாக அடித்தாள். குழம்பின் மேல் மிதந்த எண்ணெயில் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. படத்தில் டிரம்முக்குள் ஒரு முழுநிலா. வேறொன்றுமில்லை.

அதிகாரியம்மா கடைசியில் சொன்னது இதுதான். முன்னறிவிப்பில்லாமல் இன்னும் ஒரே ஒரு சோதனை. அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கோப்பை மூடிவிட வேண்டும்; காண்ட்ராக்டருக்கு அடுத்த மூன்று வருடமும் விடுதிச் சாப்பாடு. அதோடு, புகார் வந்துவிட்டபடியால், படம் எடுப்பவள் கேமராவைத் தவிர வேறு ஒரு பொருளும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பை கூடாது, துணி கூடாது, டார்ச் கூடாது.

மூன்று வருடம்! மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. வீட்டிலிருந்து போய்வரவோ வெளியே தங்கிப் படிக்கவோ அந்தக் கல்லூரியில் அனுமதி இல்லை. ஒன்று படிப்பை விட வேண்டும், இல்லையென்றால் அந்த டிரம்மிலிருந்து சாப்பிட வேண்டும்.

காண்ட்ராக்டர் முறைப்படி மனுப்போட்டுப் படத்தின் நகல் ஒன்றை வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு மாட்டியது அதற்கு மறுநாள்.

*

"உனக்கு ஃப்ளாஷ்ல குறை இல்ல, கையிலதான் குறை" என்றார் கணவர், கேமராக் கடைப் படி ஏறும்போது. "என் ஃப்ளாஷ் முந்நூறு கல்யாணம் பார்த்தது."

"முந்நூறு முகப்பருவையும் மறைச்சது. எனக்கு மறைக்கிறது வேண்டாங்க. காட்டிக் குடுக்கிறது வேணும்."

கடைக்காரர் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. சட்டைப்பையில் போட்டால் தெரியாது. தலை அசையாது, நேரே பார்த்தபடி இருக்கும். இன்னொன்று நெட்டை, தலையை மேலே தூக்கலாம், பக்கவாட்டிலும் திருப்பலாம், நான்கு பேட்டரி விழுங்கும். மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்குவது. இரண்டு பேட்டரி. தலையை மேலே மட்டும் தூக்கலாம், பக்கவாட்டில் திரும்பாது.

"மூணாவதை விட்டுடுங்கக்கா" என்றார் கடைக்காரர் உண்மையான அக்கறையோடு. "ஒரு தடவை அடிச்சா, அடுத்ததுக்கு எட்டு எண்ணுற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும். குழந்தைங்க அதுக்குள்ள வளந்து பெரிசாயிரும்."

"இவ்வளவு சின்னதா?" என்று கணவர் அதை இரண்டு விரலால் எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். "பொண்ணு வீட்டுல இதைக் கொண்டு போய் நின்னா கைகொட்டிச் சிரிப்பாங்க."

"நான் பொண்ணு பாக்கப் போகல. பூச்சி பாக்கப் போறேன்."

சோதித்துப் பார்க்கவென்று கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையின் மூலையைக் காட்டினாள்.

"உங்க தண்ணி ஃபில்டருக்குப் பின்னாடி எடுத்துப் பாக்கலாமா?"

"அங்க என்னக்கா இருக்கு? ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைன்னே படம் காட்டட்டும்."

முதலில் தீப்பெட்டி ஃப்ளாஷ். ஃபில்டருக்குப் பின்னால் சுவர் வெள்ளை வெளேரென்று வந்தது. கடைக்காரர் முகமெல்லாம் பல்லாக, "பாத்தீங்களா! சுத்தம்" என்றார். நெட்டை ஃப்ளாஷ் இடுக்குக்குள் நுழையவே இல்லை. ஃபில்டரின் மண்டையில் இடித்துக்கொண்டு நின்றது.

மூன்றாவதை மாட்டினாள். ஃப்ளாஷின் தலையை மேலே தூக்கினாள். பிறகு கேமராவையே செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தாள். கேமரா படுத்தால் மேல்பக்கம் பக்கவாட்டுதானே! திரும்பாது என்று சொன்ன தலை இப்போது தானாகப் பக்கவாட்டில் பார்த்தது. செங்குத்துக் கேமரா இடுக்கிலும் கச்சிதமாக நுழைந்தது. மேசையில் கிடந்த வெள்ளை அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கணவரின் கையில் கொடுத்து, ஃப்ளாஷுக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். வெளிச்சம் மூடியில் பட்டுத் திரும்பி, சாய்வாக இடுக்குக்குள் நழுவியது.

மூவரும் திரைமேல் குனிந்தார்கள். குழாய் அடியில் பச்சைப் பாசி வழவழவென்று தாடி விட்டிருந்தது. அதன் நடுவே காய்ந்து தட்டையான ஒரு பல்லி. பல்லியின் வால்மேல், என்றோ விழுந்து எடுக்கப்படாத டீக் கோப்பை. பல்லியின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

கணவர், சற்றுமுன் அதே ஃபில்டரில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தவர், தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"அக்கா," என்றார் கடைக்காரர் ஈனக்குரலில், "அதைக் கொஞ்சம் அழிச்சிடுங்களேன்."

"அழிச்சிடுறேன். இதையே குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. தன் அடுப்புக்குப் பின்னால், சுவரோரம், ஒரு வெள்ளைத் தலையணை உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தாள். எடுத்தபின், எடுக்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. எண்ணெய் வழிந்து வழிந்து சுவர் பழுப்பு மயிர் முளைத்த தோல் மாதிரி இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு, மகள் ஒன்றாம் வகுப்பில் தொலைத்துவிட்டு அழுத பட்டாம்பூச்சிக் கிளிப். அதன் இறக்கைக்கடியிலிருந்து இரண்டு மீசை நீட்டிக்கொண்டிருந்தன.

"கரப்பான் அக்கா வீட்டுலயே கரப்பானா?" என்று கணவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஊரார் அடுக்களையை எல்லாம் பார்த்து முகம் சுளித்தவள் அன்று மண்டியிட்டுத் தன் அடுக்களைச் சுவரைக் கத்தியால் சுரண்டினாள். நகக்கண்ணில் கறுப்பாக ஏறியது. இத்தனை வருடம் பிள்ளைக்குச் சோறு போட்ட இடமா இது? தன் மேலேயே அவளுக்குக் குமட்டியது. கண்ணீரும் சோப்பு நுரையும் ஒன்றாகத்தான் வடிந்தன.

ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் வெள்ளை இருந்தால்தான் இந்தக் குட்டி ஃப்ளாஷ் வேலை செய்யும். விடுதிச் சமையலறையில் கூரை புகையேறிக் கறுப்பு, சுவர் காவி. வெள்ளைக்கு எங்கே போவது? தலையணை உறையையும் கொண்டுபோக முடியாது.

*

சோதனை நாள் வந்தது. அவளோடு வந்தவர் எப்போதும் வரும் ஆய்வாளர்தான். அலுவலகத்தில் அவருக்குச் 'சட்டை சார்' என்று பெயர். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல், பார்த்தால் கண் கூசும் வெள்ளைச் சட்டை. பையில் ஒரு பச்சைப் பேனா. பத்து வருடத்தில் ஒரு சமையலறைக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை, சட்டை அழுக்காகிவிடுமாம். முன்கூடத்தில் உட்கார்ந்து 'சுவைப் பரிசோதனை' செய்வார். அதாவது, வயிறு முட்டச் சாப்பிடுவார். அவள் உள்ளே போய் நாற்றத்தில் வெந்துவிட்டு வரும்போது அவர் விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியைப் போல அவளுக்கு அருவருப்பானது எந்தச் சமையலறையிலும் இருந்ததில்லை.

அன்றும் தட்டு வந்தது. ரொட்டியும், சிவக்கச் சிவக்க ஒரு குழம்பும். மேலே சுவரில் அவள் எடுத்த படம் மின்னியது.

"குழம்பு அருமை! நீயும் கொஞ்சம் சாப்பிடேன்மா" என்றார்.

துணிக்குத் தடை என்பதால் அவள் சேலைத் தலைப்பையே மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்ற சமையல்காரி அவள் கையைத் தடவிப் பார்த்தாள். பை இல்லை, கேமரா மட்டும்தான். அதன் தலையில் அந்தக் குட்டி ஃப்ளாஷ் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃப்ரீசருக்குப் பின்னால் நீல டிரம் இருந்தது. மூடியை விரல் நுனியால் தள்ளினாள். அப்பப்பா! வாந்தியை வேகவைத்தால் வரும் ஆவி அது. செங்குத்தாகப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். கும்மிருட்டு. ஃப்ளாஷின் வெளிச்சம் பக்கத்திலிருந்த காவிச் சுவரில் விழுந்து செத்துப்போயிருந்தது.

வெள்ளை வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். அந்தச் சமையலறையில் வெள்ளை என்று ஒன்றுமே இல்லை. துடைக்கும் துணி சாம்பல். மாவு மஞ்சள். சே, உப்புகூடப் பழுப்பாக இருந்தது!

கதவு வழியாக முன்கூடம் தெரிந்தது. அங்கே, தட்டின் முன்னால், பளீரென்று...

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"நான் எதுக்கும்மா? நீ எடு, நீ எடு."

"உங்க சட்டை வேணும் சார்."

"என்னது?"

"கழட்ட வேண்டாம். போட்டுக்கிட்டே வாங்க. இல்லைன்னா, ஆய்வாளர் உள்ள வரவே இல்லைன்னு எழுதிக் குடுக்கவேண்டி வரும் சார்."

சமையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சட்டை சார் கால்சட்டை விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி நுனிக்காலில் வந்தார். 'ப்சக், ப்சக்' என்று தரை அவரையும் வரவேற்றது. இடுக்கின் வாயில் அவரை நிறுத்தினாள்.

"கையை நல்லா விரிச்சு நில்லுங்க. அசையாதீங்க. ஒரு தடவை அடிச்சா எட்டு எண்ணணும்."

அடித்தாள். வெளிச்சம் அவர் நெஞ்சில் மோதி, மெத்தென்று திரும்பி, இடுக்குக்குள் சாய்வாக இறங்கியது.

"ஒண்ணு, ரெண்டு... அது என்னம்மா நீலமா?"

"டிரம் சார். எண்ணுங்க."

இரண்டாவது அடித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... அதுல என்னமோ மிதக்குதே?"

"ரொட்டி சார். கையை இறக்காதீங்க."

"ரொட்டியை ஏன் டிரம்ல..."

மூன்றாவது. இந்த முறை அவர் எண்ணவில்லை. அவள்தான் எண்ணினாள். சாய்ந்த வெளிச்சம் எண்ணெயில் தெறிக்காமல் அதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. ரொட்டித் துண்டுகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் வளைவாக, வரிசையாக, பல் பதிந்த தடம்.

"கடிச்ச ரொட்டிம்மா அது" என்றார் சட்டை சார் தேய்ந்த குரலில்.

"ஆமா சார். பொண்ணுங்க தட்டுல விட்டது. நேத்தையது, முந்தாநேத்தையது. அஞ்சு, ஆறு..."

"அதுக்குள்ள ஒரு கரண்டி... அதே சிவப்புக் குழம்பு... அப்ப நான் இப்ப..."

"ஏழு. எட்டு."

நான்காவது வெளிச்சம் விழுந்த அதே நொடியில் அவர் கை வாய்க்குப் போனது. கையால் அடைத்தால் நிற்கிற விஷயமா? பத்து வருடச் சுவைப் பரிசோதனையும் சேர்ந்தாற்போல வெளியே வந்தது, அந்த வெள்ளைச் சட்டையின் மேலேயே. அவர் ஓடினார். டிரம்மிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், பொட்டலம் கட்டி முத்திரை வைக்க வேண்டும், ஒன்றும் செய்யவில்லை. வண்டியில் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். மறுநாள் அங்கே டிரம் இல்லை. டிரம் இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது.

மிஞ்சியது படங்கள்தான். முதல் படம் மங்கல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவர் அசைந்து வெளிச்சம் தப்பிப்போயிருந்தது; பல் தடம் கண்ணுக்குத் தெரிந்த அளவு படத்தில் விழவில்லை. நான்காவது ஒன்றுதான் அவள் வாழ்நாளில் எடுத்த ஆக அருவருப்பான, ஆகச் சரியான படம். அதன் வலது ஓரத்தில், ஃப்ரீசரின் எவர்சில்வர் பக்கத்தில், ஒரு பிரதிபலிப்பு. வெள்ளைச் சட்டை, பச்சைப் பேனா, வாயைப் பொத்திய கை, பிதுங்கிய இரண்டு கண்கள்.

சட்டை சார் அவள் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை, கண் கலங்கியிருந்தது.

"அந்த ஓரத்தை மட்டும் வெட்டிடும்மா. டிரம் இருக்கட்டும், ரொட்டி இருக்கட்டும். நான் வேண்டாம். பத்து வருஷமா வாசல்லயே உட்கார்ந்து தின்னுட்டுக் கையெழுத்துப் போட்டவன்னு ஊரே சிரிக்கும். எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா."

கணவரும் வீட்டில் அதையேதான் சொன்னார். "ஓரத்தை வெட்டினா படம் இன்னும் அழகா இருக்கும்."

ஓரம் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எத்தனை இரட்டைத் தாடையை வெட்டியிருக்கிறாள்! சண்டை போட்டுப் பிரிந்த எத்தனை மைத்துனரைக் கல்யாணப் படத்திலிருந்தே கழற்றி எறிந்திருக்கிறாள்! இரண்டு நிமிட வேலை. அழுகிற ஆண்பிள்ளையைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விரல்களைப் பார்த்தாள். அவர் நக்கிய விரல்கள்.

"வெட்ட மாட்டேன் சார்" என்றாள். "உங்களை வெட்டி எடுத்துட்டா அது எந்த ஊர் டிரம்மோ, எந்தக் கடை ரொட்டியோ. என் பொண்ணு சாப்பிட்டதை நீங்களும் சாப்பிட்டீங்க. அதுக்கு வேற யார் சாட்சி?"

*

காண்ட்ராக்டர் படத்தைப் பார்த்ததும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இது என் சமையலறையே இல்ல மேடம். எங்கேயோ எடுத்துட்டு வந்து என் தலையில கட்டுறாங்க. என் சமையலறை எப்படி இருக்கும்னு இவங்களே எடுத்த படம் என் சுவத்துல தொங்குது, வந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா? பொண்ணு மேல இருக்கிற பாசம் கண்ணை மறைக்குது."

அதிகாரியம்மா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். முகம் சுருங்கியது. மேசையிலிருந்த டீயை ஒதுக்கி வைத்தார். பிறகு ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது யாரு?"

பின்வரிசையில் சட்டை சார் உட்கார்ந்திருந்தார். அன்று நீலச் சட்டை. அவரை நிறச் சட்டையில் யாரும் பார்த்ததே இல்லை. அவள் திரும்பவில்லை. இந்த மனிதன் 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. மகள் தட்டோடு மறுபடியும் அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்பாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான்தான் மேடம்."

"நீங்களா? ஏன் வாயைப் பொத்தியிருக்கீங்க?"

"வாந்தி வந்தது மேடம்."

"நாத்தத்திலயா?"

"நாத்தத்துல இல்ல மேடம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், முன்னாடி ஹால்ல உட்கார்ந்து, அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். சுவத்துல மாட்டியிருக்கிற அந்தப் படத்துக்குக் கீழதான் உட்கார்ந்து சாப்பிட்டேன்."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார். காண்ட்ராக்டரின் தேன் குரல் வற்றிப்போயிருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடுதிச் சமையலறைக்குப் பூட்டுப் போட்ட அன்று, அதையும் படம் எடுக்க அவள்தான் போனாள். மகளும் கூட வந்து வெளி வாசலில் நின்றாள். உள்ளே வர மறுத்துவிட்டாள். புதிதாக யார் சமைக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றாள் தாய். "அவங்களையும் போய்ப் பாரும்மா. அந்தச் சின்ன ஃப்ளாஷோட போ" என்றாள் மகள். இன்னும் அவள் கையில் ரொட்டிதான் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். முன்சுவரில் படம் இல்லை. காண்ட்ராக்டரின் ஆட்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். புகையும் பிசுக்கும் ஏறிப் பழுத்த அந்தச் சுவரின் நடுவே, சட்டம் தொங்கிய அளவுக்கு, அதை மாட்டுவதற்காக மட்டும் சுண்ணாம்பு அடித்த ஒரு சதுரம், வெள்ளை வெளேரென்று நின்றது.

அந்தக் கட்டடத்தில் அவள் பார்த்த ஒரே சுத்தமான இடம்.

அதை எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் கேமராவைத் தூக்கினாள். ஃப்ளாஷின் தலையை இறக்கி, முன்பக்கம் பார்க்க வைத்து, நேராக அடித்தாள்.

படம் பளிச்சென்று வந்தது.